எட்டரை வரவில்லையா?

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. என் பெயர் இருக்கவேண்டிய ஒரு காகிதத்தில் அவள் பெயரை ஏற்கெனவே ஒருமுறை எழுதியாகிவிட்டது. அதனால் அவள் வேலை போயிற்று, எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்துகொண்டே இருந்தது. இன்னொரு தடவை அந்தப் பெயரைத் தட்ட என் விரலுக்கு யோக்கியதை கிடையாது. அக்கா என்றே இருக்கட்டும். என்னைவிட மூன்றே வயது மூத்தவள். ஆனால் ஆபீஸில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அறுபது வயது வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

சத்தம் இல்லாத இடம் அவளுக்கு ஆகாது. மற்றவர்கள் அமைதி வேண்டும், நிம்மதி வேண்டும் என்பார்கள். இவள் அமைதி என்றால் என்ன ஆயிற்று என்று எழுந்து பார்ப்பாள். தொம்மலூரில் பழைய ஊர்த் தெருவுக்குள், ஒரு மாவு மில்லுக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். மில் ஓடினால் தரை அதிரும், டீ கிளாஸ் மேஜையில் நகரும். நாங்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு சலித்துக்கொள்வோம். அக்கா மட்டும் மில் நின்றால் தலையைத் தூக்குவாள். "இன்னா, கரெண்டு போச்சா? பெல்ட்டு அறுந்துச்சா? யாருக்காவது கை மாட்டிக்கிச்சா?" என்பாள். "அவன் சாப்பிடப் போயிருப்பான் அக்கா" என்றால், "சாப்பிடப் போனா ஷட்டரு சத்தம் கேக்கும்டி எருமை" என்பாள்.

என்னை எருமை என்பாள். தரித்திரமே என்பாள். வாயில் நல்ல வார்த்தையே வராது. ஆஸ்டின் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். தமிழ், கன்னடம், ஆட்டோக்காரரிடம் உருது என்று மூன்றிலும் சரளமாகத் திட்டுவாள். குடியாத்தத்திலிருந்து வந்து சேர்ந்த எனக்கு முதலில் இது பொறுக்கவில்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம். எம்.எஸ்ஸி. படித்தவள் நான், அவளோ மாலை வகுப்பில் டிப்ளமா முடித்தவள். ஒரே வேலைக்கு இரண்டு பேரும் இருந்தோம். அவள் முன்னாலேயே சேர்ந்திருந்தாள் என்பதைத் தவிர எங்களுக்குள் மேல் கீழ் எதுவும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சில மாதம் கழித்து, அவள் திட்டாத நாளில் எனக்கு ஏதோ குறைவது போல ஆயிற்று.

ஒரு நாள் காலை ஆபீஸுக்கு வந்தோம். கேட்டில் வாட்ச்மேன் இல்லை. அவர் எங்காவது போயிருப்பார், அதில் என்ன இருக்கிறது? நான் லிஃப்ட் பட்டனை அமுக்கிவிட்டேன். அக்கா அப்படியே நின்றாள். "ரேடியோ பாடல" என்றாள். வாட்ச்மேன் எங்கே போனாலும் அந்த டப்பா ரேடியோ அவர் நாற்காலியில் கன்னடப் பாட்டு பாடிக்கொண்டே இருக்கும். "அண்ணா, ரேடியோ எல்லி?" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே பின்பக்கம் ஓடினாள். மோட்டார் ரூமில் அவர் ஒரு பக்கம் வாய் கோணிக் கிடந்தார். ரேடியோ அவருக்குக் கீழே நசுங்கியிருந்தது. அரை மணி நேரம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னாராம். இதை அக்கா பெருமையாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "கேக்கலன்னா போய்ப் பாக்கணும். இதுக்கு ஒரு படிப்பா?" என்றாள். படிப்பு என்ற சொல் என்னைக் குத்தத்தான் என்று எனக்கு அன்றைக்கும் கோபம்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நான் செய்தது விளங்காது.

ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றுக்கு சாஃப்ட்வேர் நடத்தித் தரும் கம்பெனி அது. லேபுக்கு ஊரைச் சுற்றிலும் கிளைகள். கிளையில் ரத்தம் எடுப்பார்கள், பெரிய லேபில் மிஷின் அதைப் பார்க்கும், மிஷின் சொல்லும் எண் நேராக எங்கள் டேட்டாபேஸில் வந்து விழும், அங்கிருந்து ரிப்போர்ட் போகும். நடுவில் மனிதர் கை படாது என்பதுதான் எங்கள் கம்பெனியின் விளம்பரமே. அந்த டேட்டாபேஸ் தான் செய்வது, செய்ய முடியாமல் போவது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். அதுதான் லாக். ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் வரிகள். உட்கார்ந்து படிக்கிற காரியம் இல்லை. அதனால் காலை ஒன்பது மணிக்குக் கறுப்புத் திரையைத் திறந்து, கிரெப் என்ற கருவியிடம், பிழை என்று எழுதியிருக்கும் வரிகளை மட்டும் பொறுக்கிக் கொடு என்று ஒரு கட்டளை தட்டுவோம்.

அப்படிப் பொறுக்கியதிலும் வெட்டிப் பிழைகள் நிறைய இருக்கும். தினமும் வரும், யாருக்கும் கெடுதல் செய்யாது. அவற்றை ஒரு சின்னக் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி வைத்திருந்தோம். இந்தக் கோப்பில் உள்ள சொல் எந்த வரியில் இருந்தாலும் அந்த வரியைக் காட்டாதே என்று கிரெப்பிடம் சொல்லிவிடுவோம். அந்தக் கோப்புக்கு ஆபீஸில் வேண்டாம் லிஸ்ட் என்று பெயர். மிஞ்சும் நாலைந்து வரிகளைப் படித்துப் பார்த்து மேனேஜருக்கு மெயில் போடவேண்டும். ஒன்றும் மிஞ்சாவிட்டால் 'கிளீன்' என்று ஒரே சொல். கிளீன் என்ற மெயில் வந்தால் மேனேஜர் முகம் மலரும்.

அக்காவுக்கு வேண்டாம் லிஸ்ட்டே வேண்டாம். "பேசறவன் வாயில துணி வெக்கிறீங்க" என்பாள். மேனேஜர் வற்புறுத்தியதால் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள், ஒவ்வொன்றுக்கும் முனகினாள். ஆனால் ஒன்றை மட்டும் கடைசி வரை சேர்க்கவில்லை. அதற்கு அவள் வைத்த பெயர் எட்டரை. அத்திபெலே கிளையில் ஒரு பெண் காலை எட்டரை மணிக்கு ஷட்டரைத் தூக்கிக் கம்ப்யூட்டரைப் போடுவாள். முந்தின நாள் அவள் சரியாக மூடாத இணைப்பு அப்போது அறும். டேட்டாபேஸ் ஒரு பிழை எழுதும். அவ்வளவுதான். சுத்த வெட்டி.

"எட்டரை வந்துட்டாரு. அத்திபெலே கடை தொறந்தாச்சு" என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவாள்.

மேனேஜர் கோயமுத்தூர்க்காரர். குரலை உயர்த்தமாட்டார். "அதையும் லிஸ்ட்ல போட்டுருங்க. தினமும் அதையவே பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்பார்.

"வேணாம் சார். அது ஒண்ணு வரட்டும். அது வந்தாத்தான் இது முழிச்சிருக்குதுன்னு தெரியும். எல்லாத்தையும் அடக்கிட்டா, தூங்குதா செத்துதான்னு எப்படி சார் தெரியும்?"

மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தால் என் பல்லை நானே தட்டிவிடலாம் போலிருக்கிறது.

தினமும் பகல் பன்னிரண்டரைக்கு அக்கா வீட்டுக்கு ஃபோன் போடுவாள். ஸ்பீக்கரில்தான் போடுவாள். அவள் அம்மா படுக்கையோடு கிடந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் ஃபோனை எடுத்து அந்த அம்மாள் காதில் வைப்பாள். உடனே ஆரம்பிக்கும். "எங்கடி போய்த் தொலஞ்ச? கஞ்சியில உப்பு யாரு போடுவா, உங்கப்பன் வருவானா குழியிலேர்ந்து? கட்டையில போறவளே, பேன் ஓடல, இந்தப் பொண்ணு காது கேக்காத முண்டம், நீ வேலைக்குப் போயி எந்தக் கோட்டையக் கட்டின..." அக்கா பதில் பேசமாட்டாள். பத்து வினாடி கேட்பாள். கட் பண்ணுவாள். முகம் தெளிந்துவிடும். "திட்டு வந்துடுச்சு. ஆய்த்து, சாப்பிடலாம் வா" என்று டிபன் டப்பாவைத் திறப்பாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அதே நேரத்துக்கு ஃபோன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரு மெலிந்த குரல், "சாப்ட்டியாம்மா?" என்றது.

அக்கா கட் பண்ணப் போன விரலை இழுத்துக்கொண்டாள்.

"வேலையா இருப்ப. பாத்து இரும்மா" என்றது குரல்.

பாசமாகப் பேசுகிறாரே, இன்றைக்கு என்ன விசேஷம் என்று நான் கேட்டேன். வாயைத் திறந்து அப்படித்தான் கேட்டேன். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. டப்பாவை மூடவில்லை, பையை மட்டும் எடுத்தாள், லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கி ஓடினாள். அன்று சாயங்காலம் அம்மா போய்விட்டாள்.

மறுநாள் காலை அவளே என்னைக் கூப்பிட்டாள். பின்னால் பறை அடிக்கும் சத்தம். டேட்டாபேஸ் இருக்கும் மிஷினுக்குள் போக எங்கள் இருவருக்கும் ஒரே லாகின்தான், அதுவும் அவள் பெயரில்; காலையில் அவள்தான் திறந்து வைப்பாள். எனக்குத் தனி லாகின் கேட்டு எழுதிப் போட்டது மேனேஜர் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சட்டம், எல்லோரும் கொடுப்பார்கள் என்று வழக்கம். பறைச் சத்தத்தில் அவள் ஒவ்வோர் எழுத்தாகக் கத்திச் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். "பதினாறு முடிச்சிட்டு வர்றேன். தினமும் பாத்துட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு. எட்டரை வருதான்னு பாரு" என்றாள். அம்மாவின் உடம்பு வாசலில் கிடக்கிறது, இவள் எட்டரையைக் கேட்கிறாள். இது என்ன ஜன்மம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கோப்பு கையில் இருக்கிறது, தட்டிக் கேட்க ஆள் இல்லை. மேனேஜரிடம் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும், அவள் பிடிவாதத்தை ஒரு முறையாவது ஒடுக்கிவிட வேண்டும் என்று இருந்தது. வேண்டாம் லிஸ்ட்டின் அடியில் எட்டரையைச் சேர்த்தேன். எழுதிவிட்டு எண்டர் விசையை இரண்டு தடவை அமுக்கினேன். என் கைப்பழக்கம் அது. கடிதம் எழுதினாலும் கடைசியில் இரண்டு தடவை தட்டுவேன். கோப்பின் அடியில் ஒரு வெற்று வரி சேர்ந்தது. கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

கிரெப்புக்கு அது ஒன்றுமில்லாத வரி இல்லை. லிஸ்ட்டின் ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொண்டு, இது லாகில் எங்கே இருக்கிறது என்று அது தேடும். வெற்று வரியை எடுத்துக்கொண்டு தேடினால், அது எல்லா வரியிலும் இருக்கிறது. எதிலும் எதையும் தேடவேண்டியது இல்லையே. ஆகவே எல்லா வரியும் வேண்டாத வரி. லாக் முழுவதையும் அது கழித்துவிட்டது. அன்றிலிருந்து காலை ஒன்பது மணிக்கு நான் கட்டளையைத் தட்டினால் திரையில் ஒன்றும் வராது.

எனக்குச் சந்தேகம் வரவில்லை. எட்டரையை நான்தானே அடக்கினேன், அது வராதது சரிதான் என்று இருந்துவிட்டேன். புதிதாக ஒன்றிரண்டுகூட வரவில்லையே என்றால், என் கைராசி! மனுஷிக்கு எவ்வளவு திமிர் இருக்கும் பாருங்கள். கிளீன், கிளீன் என்று பதின்மூன்று நாள் மெயில் போட்டேன். "பரவாயில்லீங்க, நீங்க பாக்க ஆரம்பிச்சதும் சுத்தமாயிருச்சு" என்று மேனேஜர் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அக்காவுக்கும் மெசேஜ் போட்டேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ அவளிடமிருந்து பதில் வந்தது: "எட்டரை வரலியா?"

நான் செய்ததைச் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பாள். எருமை, தரித்திரமே, யாரக் கேட்டுடி கைய வெச்ச என்று கத்தியிருப்பாள். உடனே கோப்பைத் திறக்கச் சொல்லியிருப்பாள். ஐந்து நிமிஷ வேலை. நான் எழுதியது இது: "அது சரியாயிடுச்சு அக்கா. அத்திபெலேல கம்ப்யூட்டர மாத்திட்டாங்க போல. நீங்க நிம்மதியா இருங்க."

அவள் "சரி" என்று போட்டாள். அம்மா செத்த வீடு. என்னை நம்பினாள்.

அந்த நாட்களில்தான் பெரிய லேபில் ஒரு புது மிஷின் வந்து இறங்கியது. பழைய மிஷின் எவ்வளவு அதிகமானாலும் ஓர் எண்ணைத் தரும். புதியதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டினால், பொட்டாசியம் எட்டுக்கு மேல் என்பதை எட்டுக்கு முன்னால் ஓர் அம்புக்குறி போட்டு அனுப்பும். எங்கள் டேட்டாபேஸில் அந்த இடத்தில் எண்ணைத் தவிர வேறெதுவும் நுழைய முடியாது. அம்புக்குறியைப் பார்த்ததும், இது எண் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டு லாகில் ஒரு பிழை எழுதியது. நல்ல ரத்தமெல்லாம் உள்ளே போயிற்று. உயிருக்கு ஆபத்தான ரத்தம் மட்டும், ஒன்றுவிடாமல், வாசலிலேயே நின்றது. அவர்களுடைய ரிப்போர்ட்டில் 'வரவேண்டியது உள்ளது' என்று மட்டும் இருந்தது. டேட்டாபேஸ் வாயடைத்துப்போய் இருக்கவில்லை. ஒவ்வொன்றையும் மாதிரி எண்ணோடு எழுதிக் கத்திக்கொண்டுதான் இருந்தது.

பதினேழாம் நாள் அக்கா வந்தாள். வெற்று நெற்றி, கசங்கிய புடவை, இளைத்திருந்தாள். நான் துக்கம் கேட்க வாயெடுப்பதற்குள் உட்கார்ந்து கட்டளையைத் தட்டினாள். திரை சும்மா இருந்தது. மறுபடியும் தட்டினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத்தனை நாளும் இப்படித்தானா?"

"ஆமாக்கா, சுத்தமா..."

"ஒரு வரி கூட இல்லியா?"

"இல்லக்கா."

"உயிரோட இருக்கிறது இவ்ளோ சும்மா இருக்காதுடி" என்று சொல்லிக்கொண்டே வேண்டாம் லிஸ்ட்டைத் திறந்தாள். அடியில் எட்டரை. அதைப் பார்த்தாள். அம்பு விசையை அமுக்க, கர்சர் எட்டரைக்கும் கீழே ஒரு வரி இறங்கி நின்று மினுக்கியது. அங்கே விரலை வைத்து, "இது இன்னா?" என்றாள்.

"ஒண்ணுமில்லையேக்கா."

"அதான்" என்றாள். அந்த ஒன்றுமில்லாததை அழித்தாள். கட்டளையைத் தட்டினாள்.

பதின்மூன்று நாளும் அடக்கி வைத்தது திரையில் கொட்டியது. நிற்கவே இல்லை. நின்றதும் அக்கா மேலே போய் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். பொட்டாசியம், மாதிரி எண் இது. சர்க்கரை, மாதிரி எண் இது. மறுபடியும் பொட்டாசியம். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது, அவள் குரல் அதற்கு மேலே கேட்டது. அவள் படித்துக்கொண்டே லேபுக்கு ஃபோன் போட்டு எண்களைச் சொன்னாள். அவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். சிலர் ரிப்போர்ட் வரவில்லை என்று வேறு லேபுக்குப் போயிருந்தார்கள். சிலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்கள். சிலருக்கு அன்றைக்கே திரும்ப ரத்தம் எடுத்தார்கள். ஒருவருக்கு எடுக்க முடியவில்லை. அத்திபெலேயில் டயர் பஞ்சர் கடை வைத்திருந்தவர், கிட்னிக்காரர். ரிப்போர்ட்டோடு வா என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார். மூன்றாம் நாள் காலையில் இதயம் நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பஸ் ஏறி அத்திபெலேக்குப் போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். பன்னிரண்டரைக்கு ஃபோனை எடுத்தாள், யாருக்குப் போடுவது என்று பார்த்தாள், கவிழ்த்து வைத்தாள். பிறகுதான் சொன்னாள்.

"கடை மூடியிருந்துது. பின்னாடியே வூடு. அந்தப் பொம்பள அந்தச் சீட்ட இன்னும் பத்திரமா வெச்சிருக்குது, ரத்தம் எடுத்தப்போ குடுப்பாங்களே அது. லேப்லேர்ந்து வர்றேன்னு நெனச்சிக்கிச்சு. 'இப்பவாச்சும் ரிப்போர்ட் வந்துச்சாம்மா?'ன்னு கேட்டுச்சு. வந்துச்சுன்னேன். எவ்ளோன்னு கேட்டுச்சு. எட்டுக்கு மேலன்னேன்." அக்கா தண்ணீர் குடித்தாள். "அதுக்கு அது ஜாஸ்தியா கம்மியான்னு தெரியல. சரிம்மான்னு சொல்லிட்டு எனக்கு டீ போடப் போச்சு."

இதைச் சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். அப்போது நான் பேசியிருக்க வேண்டும். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

புதன்கிழமை விசாரணை. மேனேஜரும் தலைமை ஆபீஸிலிருந்து வந்த இரண்டு பேரும் ஒரு பக்கம், நாங்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம். கண்ணாடி அறை. கோப்பு யார் லாகினில் மாறியது என்பது மேஜைமேல் அச்சடித்துக் கிடந்தது. அக்காவின் பெயர், தேதி, நேரம். மேனேஜர் கேட்டார்: "நீங்க அன்னைக்கு லீவுலதானுங்களே இருந்தீங்க. பாஸ்வேர்டு யாருக்குக் குடுத்தீங்க?"

அவருக்குத் தெரியாதா? பதின்மூன்று நாள் கிளீன் மெயில் யாரிடமிருந்து வந்தது என்று தெரியாதா? தெரியும். என் லாகின் மனு அவர் மேஜையில் கிடந்தது வெளியே வரக்கூடாது என்பது அவர் கவலை. அக்கா தானாகச் சொன்னால் ஒழிய அவர் என்னைக் கேட்கமாட்டார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பாழாய்ப்போன புத்தி அதில் மட்டும் எனக்கு நன்றாக வேலை செய்தது.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மாவு மில் நின்றால் எப்படிச் சாய்ப்பாளோ அப்படி. அவள் காது என் பக்கம் இருந்தது. அறையில் ஏ.சி. ஓடுகிற சத்தம். நான்தான் சார் என்று இரண்டே வார்த்தை. தொண்டை வரை வந்தது. வீட்டு வாடகை, கணவனின் முகம், ஊரில் என்னைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்த அப்பா என்று எதையெதையோ நினைத்தேன். பொய் எதற்கு, இதெல்லாம் நான் பிறகு தேடிப்பிடித்த காரணங்கள். அப்போது இருந்தது பயம் மட்டும்தான். மேஜையைப் பார்த்துக்கொண்டு, மூச்சு சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அவள் வேண்டுமட்டும் காத்திருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, "என் லாகின் சார். என் பொறுப்பு" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. பாருங்கள், அங்கேகூட அவள் பொய் சொல்லவில்லை.

அன்றே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். டிபன் டப்பா, ஒரு சால்வை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். திட்டப்போகிறாள், ஆபீஸே திரும்பிப் பார்க்கக் கத்தப்போகிறாள், கத்தட்டும், அப்போதாவது எல்லோருக்கும் தெரியட்டும் என்று நின்றேன். அவள் பையின் ஜிப்பை இழுத்தாள். "எட்டரைய லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டேன். வரும். பாத்துக்கோ" என்றாள். படியிறங்கிப் போனாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தட்டினேன். எட்டரை வந்திருந்தது. அதற்கப்புறம் நான் அங்கே இருந்த இரண்டு வருடமும் தினமும் வந்தது. அத்திபெலேயில் யாரோ ஷட்டரைத் தூக்குகிறார்கள் என்று தினமும் எனக்குச் சொன்னது.

கம்பெனி மாறினேன். இப்போது என் கீழே ஆறு பேர். யார் லாகினில் யாரும் நுழைய முடியாது. போன மாதம் ஒரு நாள், என்ன தோன்றியதோ, பகல் பன்னிரண்டரைக்கு அக்காவின் பழைய எண்ணுக்குப் போட்டேன். மாற்றியிருப்பாள் என்று நினைத்தேன். மாற்றவில்லை. ஆஸ்டின் டவுனில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாளாம், பின்னால் ஆட்டோவும் பஸ்ஸும் கன்னடமும் தமிழுமாக ஒரே இரைச்சல். அவளுக்குப் பிடித்த இடம்தான்.

நான் மளமளவென்று கொட்டிவிட்டேன். எண்டர் விசையை இரண்டு தடவை அமுக்கியது நான், எட்டரையைச் சேர்த்தது நான், சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொன்னது நான், அந்த அறையில் வாயை மூடிக்கொண்டிருந்தது நான். அந்த மனுஷனைக் கொன்றது நான், உங்கள் வேலையைக் கெடுத்தது நான். எல்லாம் சொன்னேன். அழுதேன்.

"தெரியும்" என்றாள் கடைசியில்.

"திட்டுங்கக்கா. ஒரு தடவ திட்டுங்க. எருமைன்னு சொல்லுங்க."

யாரோ ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அவள் அவர்களுக்கு ஏதோ பதில் சொன்னாள். பிறகு ஃபோனில் வந்தாள். குரல் மெதுவாக இருந்தது. அப்படியொரு பாசமான குரலை நான் அவளிடம் கேட்டதே இல்லை.

"சாப்ட்டியாம்மா?" என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்பீக்கரில் கேட்ட அதே வார்த்தை. "அக்கா, வேணாம், திட்டுங்கக்கா" என்றேன்.

"வேலையா இருப்ப. பாத்து இரும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.